ஜீப்புக்குக் காத்திருந்த காலை

நர்ஸம்மாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்பே அவருடைய சைக்கிள்தான் வந்து நிற்கிறது. கறுப்பு நிற லேடீஸ் சைக்கிள். பின்னால் கேரியரில் மருந்துப் பையைப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டியிருப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டினால் வேடிக்கை பார்க்காதவர்கள் குறைவு. பிரசவ விடுதியிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் எத்தனை கேலி கேட்டிருப்பாரோ, ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

எங்கள் தெருவில் காலை நேரத்தில் வண்டி நுழையாது. நடுத்தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தறிக்கான பட்டு நூல் பாவு நீட்டி, கஞ்சி போட்டுக் காய வைத்திருப்பார்கள். ஈரம் காயும் முன் சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் யாருக்காகவும் எடுக்க மாட்டார்கள். சாக்கடை ஓரமாக ஒரு சைக்கிள் போகும் அளவுக்குத்தான் வழி. அதில் நர்ஸம்மா இறங்காமலே வந்துவிடுவார். "ஒதுங்குபா, நர்ஸம்மா வர்றாங்க" என்று குரல் முன்னாலேயே ஓடிவரும்.

அந்த வருஷம் விடுதிக்கு ஒரு ஜீப் வந்தது. சித்திக்கு வலி கண்ட காலையில் அப்பாவோடு நானும் விடுதிக்கு ஓடினேன். நர்ஸம்மா சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. தம்பி வீட்டுத் தலைப்பிள்ளை, தெருவே பார்க்க வேண்டும் என்ற ஆசை.

"சைக்கிள் எதுக்கும்மா? ஜீப்புல வாங்க, எங்களுக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

"ஜீப்பு வெளிய போயிருக்குதுபா. வர நேரமாவும்."

"இப்பதாம்மா வலி எடுத்திருக்குது."

நர்ஸம்மா சற்று யோசித்தார். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டார். அவருக்கும் ஒருநாளாவது யாரும் சிரிக்காத வண்டியில் வந்து இறங்க வேண்டும் என்று இருந்திருக்கலாம். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜீப் வர வெயில் ஏறிவிட்டது. எங்களை ஏற்றிக்கொண்டு வந்து தெருமுனையில் நின்றுவிட்டது. பாவு ஈரமாக இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், அப்பா கத்தினார். காலையில் எழுந்து தான் பார்க்கும் முதல் காட்சியே அந்தப் பாவுதான் என்பது அப்பாவுக்கு எப்படி மறந்ததோ தெரியவில்லை. நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உள்ளே குழந்தை பிறந்திருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. ஆண் குழந்தை. அழவேயில்லை.

அதற்குப் பிறகு நர்ஸம்மா அந்த ஜீப்பில் ஏறி நான் பார்த்ததில்லை. மழையிலும் சைக்கிள்தான். அவர் எங்கள் வாசலைத் தாண்டும்போது அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

இன்று நான் செவிலிமேட்டில் இருக்கிறேன். என் மகள் காரை விற்றுவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். புகை இல்லை, பெட்ரோல் இல்லை, ஊருக்கு நல்லது என்கிறாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கிளம்பிப் போன பிறகு வெகுநேரம் எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை.

மாற்றலாகிப் போகும்முன் நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சைக்கிள்லயே வந்திருக்கணும்மா" என்று சொல்லி அழுதார். சித்தி அவர் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"நீங்க வந்தீங்கம்மா. அவன்தான் காத்துக்கினு இருக்கல."

அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். அப்படி ஓர் ஆறுதல் வார்த்தையை அப்பா சாகும்வரை சித்தி அவரிடம் சொல்லவில்லை.