பூசணிப்பூவுக்கு ஒரு சண்டை

பூசணிக்கொடியின் சுணை பனியில் நனைந்து முழங்கையில் உரசினால் முதலில் சில்லென்றுதான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அரிப்பெடுத்துத் தோல் தடித்துச் சிவக்கும். தோட்டம் என்றாலே அமைதி, மார்கழித் தோட்டம் என்றால் பேரமைதி, செடிகள் நமக்குப் பொறுமையைக் கற்றுத் தருகின்றன என்றெல்லாம் காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிற புண்ணியவான்கள் ஒரு நாளாவது விடியற்காலையில் வெறுங்கையோடு அந்தக் கொடிக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். எனக்குத் தோட்டம் பொறுமையைக் கற்றுத் தரவில்லை. ஒருத்தியை எப்படி வெறுப்பது, எத்தனை வருஷம் வெறுப்பது என்பதைப் பதினோரு வயதில் கற்றுத் தந்தது. வாத்தியார் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், அவ்வளவு ஒழுங்காக நான்கூட யாருக்கும் எதையும் கற்றுத் தந்ததில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒட்டி ஒட்டி இருந்தன. முன்வாசல் இரண்டு, பின்னால் தோட்டம் ஒன்று, நடுவில் பேருக்கு ஒரு முள்வேலி. அப்பாவுக்கு மில்லில் வேலை. அப்பாவின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை டிரங்குப்பெட்டியோடு வருவார். அவர் மனைவிதான் பெரியம்மா. பிள்ளை கிடையாது. ஒரு பித்தளை அண்டாவுக்காக ஆரம்பித்த பிணக்கில் அம்மாவும் பெரியம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை; சொல்ல வேண்டியதையெல்லாம் கோழியிடம் சொல்வார்கள். "ஏ கோழி, கழுவுன தண்ணிய அடுத்தவ வாசல்ல விடக்கூடாதுன்னு சிலருக்கு ஆத்தா அப்பன் சொல்லித் தரல" என்று இந்தப் பக்கமிருந்து கேட்டால், அந்தப் பக்கமிருந்து அதே கோழிக்குப் பதில் வரும். எனக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் சோறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து எனக்குத் தலை பின்னிவிடுவது பெரியம்மாதான். அம்மா அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள்.

அந்த ஆவணியில் அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணப் பந்தலிலேயே அக்காவின் மாமியார் எங்கள் அம்மாவைப் பார்த்து, "ராஜபாளையத்துக்காரவிய நாய்தான் நல்லா வளப்பாவ, காய்கறி எல்லாம் கடையிலதானே?" என்று கேட்டுச் சிரித்தார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "எம்மகளோட தலைப்பொங்கல் சீர்ல ஒரு காய்கூட கடைக்காயா இருக்காது, பாத்துக்கோங்க" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டாள். சொன்ன சொல் நின்றால்தான் புகுந்த வீட்டில் மகளுக்கு மரியாதை என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். ஐப்பசி மழையில் மண்ணைக் கொத்தி அவரை, கத்தரி, வெண்டை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூசணி விதையை ஊன்றினாள்.

பொய் சொல்லக் கூடாது, அந்த மார்கழியில் தோட்டம் அழகாகத்தான் இருந்தது. மலையிலிருந்து இறங்குகிற காற்றில் அவரைப்பந்தல் முழுக்க ஊதாப்பூ, வேலியோரம் டிசம்பர்ப்பூ, ஒவ்வொரு பூசணி இலையிலும் குழிந்த இடத்தில் பனித்தண்ணீர் தேங்கி நிற்கும். இருட்டு பிரிகிற நேரத்தில் பூசணிப்பூ முறுக்கு விட்டு விரிவதை நின்று பார்த்தால் குளிர் மறந்துபோகும். நான் நின்று பார்த்தது இரண்டே நாள். மூன்றாம் நாள் சண்டை வந்துவிட்டது.

கொடி வேலியைத் தாண்டிப் பெரியம்மா பக்கம் போய் அவள் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஏறிவிட்டது. மார்கழி மாதம் வாசல் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து அதன் தலையில் பூசணிப்பூ செருக வேண்டுமே, பெரியம்மா தன் பக்கம் பூத்ததையெல்லாம் பறித்து வரிசையாகச் செருகிவிட்டாள். எங்கள் வாசலில் மூன்று பூ, அவள் வாசலில் ஏழு. தெருவே பார்த்தது. அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஊனுனவ நான், தண்ணி ஊத்துனவ நான், அவளுக்கு ஏழு பூவா? நாளைக்கு அவளுக்கு முன்ன எந்திரிச்சி அம்புட்டையும் பறிச்சிட்டு வந்துரு. பிஞ்சுப் பூவத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன். வெறும்பூவா பாத்துப் பறி" என்றாள்.

அடியில் குட்டிப் பூசணியோடு பூப்பது பிஞ்சுப் பூ. நீளக் காம்பில் சும்மா நிற்பது "வெறும்பூ". அதில் காய் வராது, அதனால் அதைப் பறித்தால் நஷ்டமில்லை என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பெரியம்மாவுக்கும் தெரியும், எங்களோடு எவ்வளவு பகை இருந்தாலும் ஒரு பிஞ்சுப் பூவைக்கூட அவள் தொட்டதில்லை, அதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆக, வெறும்பூவுக்குத்தான் போட்டி. நாலரை மணிக்கு நான் எழுந்தால் மறுநாள் அவள் நாலு மணிக்கு எழுந்தாள். ஒரு வெறும்பூ மிச்சமில்லாமல் கொடியை மொட்டையடித்தோம். வெயில் வந்தபின் தேனீக்கள் வந்து இலைக்கு இலை அலைந்துவிட்டுப் போகும். நல்லா ஏமாந்துச்சுங்க என்று நான் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

பாதி மார்கழியில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. இன்று இரண்டு, நாளை நாலு என்று விழுந்தன. இலைகளில் பனியால் வெள்ளை பூத்திருந்தது. அம்மா சாம்பல் தூவினாள், மோர் ஊற்றினாள், கண்பட்டிருக்கும் என்று கொடியில் பழைய செருப்பைக் கட்டினாள். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசிப் பிஞ்சும் விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்திலேயே உட்கார்ந்து அழுதாள். "எம்மக தலைய குனிய வச்சிட்டேனே" என்று அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கு முந்தின நாள்தான், தன் பக்கத்துப் பூவைத் திருடினேன் என்று பெரியம்மா என்னைத் தெருவில் வைத்து "கள்ளி" என்றிருந்தாள். அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது. வேலியோரத் தொட்டியில் அவள் தினமும் மாட்டுக்குக் கஞ்சி ஊற்றுவதை நான் பார்த்ததுண்டு. "அம்மா, பெரியம்ம கொடி வேருல சுடுகஞ்சி ஊத்துனாவ. நான் பாத்தேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அம்மா எழுந்து வேலிக்குப் போனாள். அன்றைக்குக் கோழி தேவைப்படவில்லை. இரண்டு கையாலும் மண்ணை வாரிப் பெரியம்மா வீட்டைப் பார்த்துத் தூற்றி, "என் பிள்ளை சீர்ல மண்ணப் போட்டவளே, நீ நாசமாப் போவ" என்று அம்மா கத்த, தெருவே கொல்லைக்கு வந்துவிட்டது. பெரியம்மா அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, நீயா பாத்த?"

"ஆமா."

"நல்லா யோசிச்சிச் சொல்லு. நான் ஊத்துனத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

தலையில் விழுந்த மண்ணைக்கூடத் தட்டாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கு யாரும் ஞாயிற்றுக்கிழமை தலை பின்னிவிடவில்லை. சந்தையில் வாங்கிய பூசணி சீர்வரிசையில் போனது, அக்கா மாமியார் அதைத் தட்டிப் பார்த்து, "கடைக்காயா?" என்று கேட்டதோடு சரி, கூட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். இதற்காகவா என்று இருக்கிறது. மாசியில் தோட்டத்தின் நடுவே ஆளுயரச் சுவர் வந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சுவர் நின்றது. பெரியப்பா சாவுக்கும் அம்மா போகவில்லை, அப்பா சாவுக்குப் பெரியம்மா வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நான் வேலை பார்க்கிற ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் மாலை போட்டேன். பக்கத்து வீட்டிலிருந்த அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. "வேருல சுடுகஞ்சிய ஊத்துனவ முகத்துல நான் முழிக்கணுமா?" என்றாள்.

அதற்கடுத்த வருஷ மார்கழியில் என் மொட்டைமாடித் தொட்டியில் பூசணி பூத்தது. பழக்கம் விடுமா, வாசலுக்கு வெறும்பூவையெல்லாம் பறித்தேன். பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. விதைக்கடைப் பையனிடம் மருந்து கேட்டேன். "வெறும்பூவ பறிச்சீங்களா டீச்சர்? அதுல உள்ள தூள தேனீ கொண்டு போயி பிஞ்சுப் பூவுல வச்சாத்தானே காய் பிடிக்கும்? அம்புட்டையும் பறிச்சா எப்படி?" என்றான். எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு மகரந்தச் சேர்க்கை பாடம் நடத்தியவள் நான். கரும்பலகையில் பூவை வரைந்து பாகம் குறித்தவள். என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ராஜபாளையம் போனேன். பெரியம்மாவின் வீட்டைப் பெரியம்மாவின் பிறந்த வீட்டு உறவு யாரோ விற்றுவிட்டார்கள். வாங்கியவர் சுவரை இடித்துத் தோட்டத்தில் சிமெண்ட் பூசி கார் நிறுத்த இடம் போட்டிருந்தார். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கொடி எங்களால்தான் காய்க்கவில்லை என்பதையும், பெரியம்மா கொடி வேரில் கஞ்சி ஊற்றி நான் பார்க்கவே இல்லை என்பதையும் சொன்னேன். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன்.

"நீ பாக்கலியா?"

"இல்லம்மா."

"பொய்யா?"

"ஆமாம்மா."

உரித்த கை நின்றுவிட்டது. கையிலிருந்த காயை முறத்தில் போட்டுவிட்டு, "அவ பொணமாக் கெடந்தப்போ நான் போகலியே, ஏட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசுவதில்லை. வாராவாரம் போகிறேன். இலை போட்டு, சோறு வைத்து, நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கோபித்துக்கொள்ள அவளுக்கு இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.