ஐந்து நாள் சராசரி

மாதனூரில் எங்கள் தெருவில் யூரோ விலையைப் பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போகிற ஒரே ஆள் கோதண்டபாணி அண்ணன். அவருக்கு யூரோ எதற்கு என்று கேட்காதீர்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் காலமெல்லாம் தோல் வெட்டினவர். ஷூவெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகிறது; யூரோ இறங்கினால் முதலாளி முகம் சுருங்கும், அங்கே வேலை பார்க்கும் எங்களுக்கு ஓவர்டைம் நிற்கும். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குக்கூட இது தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற வருஷமே மனைவி கெங்கம்மாள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. காலையில் கம்பெனி பஸ் எங்களை அள்ளிக்கொண்டு போன பிறகு தெருவில் அவரோடு பேச ஆள் கிடையாது. அப்போதுதான் போனில் வீடியோ பார்த்துக் கரன்ஸி வியாபாரம் கற்றுக்கொண்டார்.

வித்தை எளிது. கடந்த ஐம்பது நாள் விலையைக் கூட்டி ஐம்பதால் வகுத்தால் ஒரு சராசரி. மறுநாள் பழைய நாள் ஒன்று கழியும், புது நாள் ஒன்று சேரும். இப்படியே புள்ளி புள்ளியாக ஒரு கோடு நகரும். விலை கோட்டுக்கு மேலே ஏறினால் வாங்க வேண்டும், கீழே இறங்கினால் விற்க வேண்டும். பொறுமைசாலிக்கு ஏற்ற வேலை. அண்ணனும் ஆயிரம் யூரோ கொண்ட சின்ன லாட் ஒன்றை வைத்துக்கொண்டு, முதல் வருஷத்தை லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல், தானிக்கும் தீனிக்கும் சரியாக ஓட்டினார்.

ஒருநாள் அவர் போனை எட்டிப் பார்த்தேன். ஐம்பது இருந்த இடத்தில் ஐந்து இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாணா இது? அஞ்சு நாள் சராசரியா? விலை தும்மினாவே கோட்டை வெட்டிக்குமே. கமிஷனே ஜாஸ்தியா பூடும்!"

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"அம்பது நாள் கோட்டுல வருஷத்துக்கு அஞ்சாறு வாட்டிதான் வெட்டும் வசந்து. இதுல வாரத்துக்கே ஒண்ணு ரெண்டு வெட்டும்."

"வெட்டினா?"

"அந்தப் பொண்ணு போன் பண்ணும்."

தரகு கம்பெனியின் வேலூர் கிளையில் சௌந்தர்யா என்று ஒரு பெண். யார் வாங்கினாலும் விற்றாலும் அன்று சாயங்காலம் கூப்பிட்டு, "யூரோ ஒரு லாட் வாங்கி இருக்கீங்க, சரிதானே சார்?" என்று கேட்டுப் பதிவு செய்வது அவள் வேலை. இவர் "சரிம்மா" என்பார். கையோடு, "சாப்ட்டியாம்மா? வேலூர்ல மழையா?" என்பார். அவளும் இரண்டு வார்த்தை பதில் சொல்வாள். பள்ளிகொண்டாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் வேண்டுமென்றே மட்டமான கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு தெருவே இருந்தும் இந்த மனுஷன் யூரோவிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் புது விதி வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் நிஜமான கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்களுக்கு இனி இந்த வியாபாரம் கிடையாது என்று தரகு கம்பெனி சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க லாட்டை முடிச்சாச்சு சார். வெளிநாட்டுலேருந்து உங்களுக்குப் பணம் ஏதாவது வர வேண்டியது இருக்கா?"

"உள்ளூர்லயே எதுவும் வர்றதுக்கு இல்லம்மா."

"அப்ப கரன்ஸி கணக்கை மூடிடறோம் சார். சம்மதம்னு வாயால சொல்லணும், ரெக்கார்ட் ஆவணும்."

"மூடிட்டா இனிமே போன் வராதாம்மா?"

"கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதே சார்."

ஒரு வார்த்தை சொன்னால் அழைப்பு முடிந்துவிடும். சொல்லுங்கள் என்று நான் ஜாடை காட்டினேன். அண்ணன் என் பக்கமே திரும்பவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"சம்மதமா சார்?"

"இருக்கேம்மா," என்றார் மறுபடியும்.