பத்தாவது விளக்கு

உங்கள் காதில் பூச்சுற்றி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன். அன்றுவரை பேயென்றால் கேலி பேசிய வாய்தான் இது.

ஒரு சின்ன விமான நிலையத்தில் வானிலை பார்ப்பது என் வேலை. மூடுபனியை அளக்க ஒரு கருவி வேண்டுமென்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. மேலிடம் அசைந்து கொடுக்கவில்லை. அதனால் பழைய முறைதான். ஓடுபாதையின் முனையில் நின்று ஓரத்து விளக்குகளை எண்ண வேண்டும். பத்து தெரிந்தால் விமானம் இறங்கலாம். ஒன்பது என்றால் கூடாது.

அன்று மாலை 6:40. மூடுபனி இறங்கிவிட்டது. மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த குட்டி விமானத்தை ஓட்டியது என் சொந்த அக்கா. உள்ளே எட்டுப் பயணிகள்.

எண்ணினேன். பத்து.

“பத்து தெரியுது. இறங்கலாம்,” என்றேன் ரேடியோவில்.

“சரிடா. வரேன்.”

அப்போதுதான் கவனித்தேன். தவளைச் சத்தம் நின்றிருந்தது. கடைசி விளக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. பல்பு பழசாகியிருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் அது தரையை ஒட்டி இல்லை... ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில் இருந்தது.

அசைந்தது.

“யாரு அங்க?”

சரக்... சரக்... ஈரச் சரளையில் காலடி. விளக்கு என்னை நோக்கி வந்தது. அதைப் பிடித்திருக்க ஒரு கையும் இல்லை.

மேலே எஞ்சின் சத்தம் நெருங்கியது.

அப்படியென்றால்... ஒன்பதுதான்!

“அக்கா, இறங்காத! மேல போ! மேல போ!”

தலைக்கு மேலே ஓர் உறுமல். விமானம் ஏறிவிட்டது.

விளக்கு அணைந்தது.

காலடி மட்டும் என்னைக் கடந்து போனது...

அக்கா பக்கத்து ஊர் நிலையத்தில் பத்திரமாக இறங்கினாள். இறங்கியதும் போனில் காரணம் கேட்டாள்; ஒன்பதுதான் என்றதும் பிடித்துக்கொண்டாள். “ஒரு விளக்கு குறைஞ்சதுக்கா இந்தக் கத்து கத்துன? உசிரே போயிடுச்சுடா.” எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் விளக்கு வரிசையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நேத்து மத்தியானமே புல்லு வெட்டுற வண்டி கேபிளை அறுத்திருக்கு சார். ஆறாவதுக்கு அப்புறம் ஒண்ணுகூட எரிஞ்சிருக்காது.”

நான் எண்ணியது பத்து. அசைந்தது ஒன்று.

மற்ற மூன்றும்... அக்கா வரட்டும் என்று ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தன.