அரியலூர் ரோட்டில் தண்ணீராகிப் போன ஜெல்

2006 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் வழியாக அரியலூர் போனேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. மடியில் ஒரு பெட்டி, அதற்குள் விரல் நீளக் குப்பி, அதற்குள் ஜெல்லில் நிற்கும் கொளஞ்சியம்மாளின் கண் செல்கள்.

கொளஞ்சியம்மாள் செந்துறைப் பக்கம். வெள்ளையடிக்கிற வேலை. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறித்து வலது கண் வெந்துவிட்டது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளியூண்டு எடுத்து, சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் மூன்று வாரம் வளர்த்தோம். அதை வெந்த கண்ணில் வைக்க மதியம் இரண்டு மணிக்கு அரியலூரில் ஆபரேஷன். இது வீணானால் நல்ல கண்ணில் மறுபடி கைவைக்க முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ரயில் நேரம் ஒத்துவரவில்லை. காலை ஐந்தரை மணி பஸ், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். ரஞ்சன்குடிக் கோட்டை தாண்டியதும் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஜெல் அசையவில்லை. பதினொன்று பத்துக்குப் பெரம்பலூர். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான் என்று முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஓர் அம்பாசடர் பிடித்தேன். டிரைவர் தங்கராசு, ஐம்பது வயதிருக்கும்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுதுபோட்ட ரோடு அது. கால் மணி நேரம் கழித்து மறுபடி குப்பியைக் கவிழ்த்தேன். உள்ளே இருந்தது தண்ணீராக ஓடியது. ஜெல் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் செல்கள் பரவலாக நிற்கும். நீர்த்துப்போனால் அடியில் போய்க் குவிந்து, ஒன்றையொன்று நசுக்கிச் செத்துப்போகும்.

இந்த ஜெல்லின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டவை அல்ல, கைகோத்து நிற்பவை. குலுக்கினால் கையை விடும், சும்மா விட்டால் தானாகக் கோத்துக்கொள்ளும். இதை இருபது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். கெட்டியாகிவிட்டதா என்று இரண்டு நிமிடத்துக்கொரு தரம் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன்.

தங்கராசு கண்ணாடியில் பார்த்தார். "என்னா சார் அது, ஆட்டிக்கிட்டே வரீங்க?"

சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"நான் ஜெயங்கொண்டம் பக்கம் போர்வெல் போடுற வண்டியில இருந்தவன் சார். குழி சரியாம இருக்க ஒரு களிமண் கரைசல் வுடுவோம். கலக்குனா தண்ணி, வுட்டா கெட்டி. அத யாரும் ஆட்டிப் பாக்க மாட்டோம். நீங்க அத வுட மாட்டேங்கிறீங்களே!"

கேட்காமலேயே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். மணி பன்னிரண்டேகால். பெட்டியை என்னிடமிருந்து வாங்கி சீட்டில் வைத்தார். "எறங்கி டீ குடிங்க. இருபது நிமிசம் கிட்ட வரக் கூடாது."

அந்த இருபது நிமிடமும் எனக்கு அவர்மேல் கோபம்தான். திரும்பி வந்து சாய்த்தால், நகரவில்லை. அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல். மிச்சத் தூரம் அவர் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை, பின்னால் லாரிக்காரர்கள் திட்டத் திட்ட.

ஒன்றரைக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கு" என்றார். கொளஞ்சியம்மாள் குப்பியைத் தொடவில்லை, குனிந்து பார்த்தார். "இத்தினிக்காண்டு இருக்கே சார், போதுமா?" என்றார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

இப்படி எதையாவது எடுத்துக்கொண்டு இந்த வழியில் போகிறவர்களுக்கு: பெரம்பலூர்–அரியலூர் ரோட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்டியை மடியில் வையுங்கள், தரையில் வேண்டாம். குலுங்கியிருந்தால் வண்டியை நிறுத்துங்கள். குப்பியைக் கவிழ்த்துப் பார்க்காதீர்கள். கெடுத்தது ரோடு மட்டுமில்லை, பயத்தில் ஆட்டிய என் கையும்தான்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் போன் செய்து, கொளஞ்சியம்மாளிடமே கொடுத்தார்.

"சார், எனக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸ நெறத்த வச்சுத்தான் ஏறுவேன். இன்னிக்கி அரியலூர் பஸ் ஸ்டாண்டுல நல்ல கண்ண பொத்திக்கிட்டு நின்னேன். செந்துறை பஸ்ஸ நானே கண்டுபுடிச்சிட்டேன். ஏறல சார், வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிட்டேன். ஒங்ககிட்ட சொல்லிட்டு அடுத்த பஸ்ல போவலாம்னு."