வேலுக்கு முன்னால் யாரும் போகக் கூடாது

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு நாலு நாள் நடை. நாங்க இருபத்திரண்டு பேரு. எங்க தங்குறது, யார் சமைக்கிறது, யார் நடக்கிறது, யார் சமையல் வேன்ல வர்றதுன்னு எல்லாம் குருசாமி ஒரு நோட்டுல எழுதுவார்.

எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போன வருசம் வாதம் வந்து, இடது கால் இழுக்கும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தப்பவே, நடந்து வர்றேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டாக. பந்தல்குடி ரோட்டுல லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் என்ன போக்குப் போறான்! ஒதுங்க ஒரு நிழல் உண்டா?

அதனால யாருக்கும் தெரியாம குருசாமி வீட்டுக்குப் போய், "அவுக பேரை வேன்ல எழுதிருங்க சாமி, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். பெரிய கெட்டிக்காரி நான்! மாலை போடுறதுக்கு முந்தி எல்லாரையும் கோயில்ல உட்கார வச்சு அந்த நோட்டைச் சத்தமா வாசிப்பாங்க. வருசாவருசம் கேக்குறவதான். மறந்து தொலைச்சேன்.

வாசிச்சார். வேன்ல அவுக பேரு மட்டும். அவுக குருசாமியைப் பார்க்கல, நேரா என்னைத்தான் பார்த்தாக.

"ஆமா, நான்தான் சொன்னேன்"னு அழுதுட்டேன்.

வீட்டுல நாங்க பேசுறது தெலுங்கு. கோபம் வந்தா அவுக தமிழுக்கு மாறிருவாக. "ஊரைக் கூட்டி வச்சுத்தான் என்னை நொண்டின்னு சொல்லணுமா?"ன்னாக, தமிழ்ல.

குருசாமி நோட்டை மூடினார். உள்ள போய் வேலை எடுத்துவந்து அவுக கையில கொடுத்தார். "வேலுக்கு முன்னால யாரும் போகக் கூடாது. அதானே நம்ம வழக்கம்? இந்த வருசம் வேல் இவர் கையில. இவர் நடக்கிற நடைதான் எல்லாருக்கும்."

"நாலு நாள் பத்தாதே சாமி?"ன்னு ஒருத்தி கேட்டா.

"ஆறு நாள் நடப்போம். முருகன் எங்க ஓடிப்போறாரு?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவுக மட்டும் வேலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாக.

கோயில்ல இருந்து வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் முதல்ல பேசினேன். "பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான் பயம். எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பீகளா?"

"கேட்டிருக்க மாட்டேன்"னு தெலுங்குல சொன்னாக. "உன் கையைப் பிடிச்சிருப்பேன்."

கல்யாணமாகி இத்தனை வருசத்துல முதல் தடவையா, பஜார்ல அத்தனை பேர் பார்க்க, என் கையைப் பிடிச்சாக.