எல்டன் ஹோவ்லன்டின் தேனீத் துப்பாக்கி

கல்யாணமான புதிதில் எல்டன் இப்படி இல்லை என்று அவன் மனைவி ஆர்டிஸ் யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் இப்படித்தான் இருந்தான். அப்போது வேறு எதையாவது வைத்துப் பீற்றிக்கொண்டிருந்தான், துப்பாக்கி வந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

மோன்டானாவில் கவுன்டி நிர்வாகத்துக்காகச் சரளை ரோட்டைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிறவன் அவன். செத்துப்போன ஒரு பண்ணைக்காரரின் சாமான்களை ஏலம் விட்டபோது கைப்பிடியை ஆட்டித் தோட்டா ஏற்றும் அந்தப் பழைய லீவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுண்டுவிரல் அளவுத் தோட்டா போடுவது. அந்தத் தோட்டாவுக்குத் தேனீ என்று பெயர். வாங்க ஆளில்லாமல் கம்பெனிகளே அதைச் செய்வதை அநேகமாக விட்டுவிட்டன. வேறொருவன் என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். எல்டனுக்கோ அதனால்தான் அதன்மேல் அத்தனை மோகம்.

சனிக்கிழமை தவறாமல் கூட்டுறவுக் கடைக்குப் போவான். கல்லாவில் இருக்கும் நடீனிடம், "தேனீத் தோட்டா இருக்கா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்பான்.

"எதுக்கு, தேன்கூடு கலைக்கவா?" என்பாள் அவள்.

இல்லை என்று அவள் சொன்னதும் பிரசங்கம் ஆரம்பமாகிவிடும். கடையில் தோட்டா வாங்குகிறவனெல்லாம் சோம்பேறி, இந்தக் காலத்துத் துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக், தன் தோட்டாவைத் தானே செய்யத் தெரியாதவன் டிவி ரிமோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை நடீன் எங்கிருந்தோ வந்த ஒரு தேனீத் தோட்டாப் பெட்டியை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். ஆர்டிஸ் பக்கத்தில்தான் நின்றாள். எல்டனின் முகம் செத்துவிட்டது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனி சரக்கு எனக்கு ஆகாது" என்று வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

வீட்டின் நிலவறையில், ஆர்டிஸின் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் அவன் பட்டறை. பெரிய தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டை அச்சில் விட்டு நெரித்துக் கழுத்தைச் சின்னதாக்குவான். பத்துக்கு நாலு கழுத்து பிளந்துபோகும். பிளந்ததையும் தூக்கி எறியாமல் காப்பி டப்பாவில் சேர்த்துவைப்பான். கைக்குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவன்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு வெடிமருந்தை எடை போடுவான். அந்த நேரத்தில் ஆர்டிஸ் ஃப்ரீசரைத் திறந்தால், காற்று அடித்துத் தராசு ஆடுகிறது என்று கத்துவான். ஒரு வாரம் உட்கார்ந்து செய்தது சட்டைப் பையில் அடங்கிவிடும். அதையும் சுட மனசு வராது.

அந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருப்பதன் மூக்கு, முன்னால் இருப்பதன் அடியிலுள்ள, அடிபட்டால் தீப்பற்றும் பொட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் ஓர் அதிர்ச்சி போதும், குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். இதை சர்ச்சில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பாதிரியாரின் மனைவிக்குக்கூட விளக்கியிருக்கிறான் அவன்.

அந்தக் குளிர்காலத்தில் தோட்டாவின் மூக்கில் வைக்கத் தட்டைக் குண்டு எங்கேயும் கிடைக்கவில்லை. கூர் குண்டை வைத்துச் செய்தான். குழாயில் நிரப்பாமல், ஒவ்வொன்றாக நேரே குழலுக்குள் வைத்துச் சுட்டால் ஆபத்தில்லை என்றான். அது உண்மைதான்.

ஏப்ரலில் ஆர்டிஸின் தம்பி ராய்ஸின் புல்வயலில் தரை அணில் சுடும் நாள். வயல் முழுக்க அவை குழி பறித்துவைத்திருந்தன. பிக்கப் வண்டியின் பின்தட்டில் நின்றுகொண்டு எல்டன் ஒன்று வைத்து, ஒன்று சுட்டு, மறுபடி பையில் துழாவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆர்டிஸ் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், ஒண்ணொண்ணா ஊட்டிவிடுற? அதுக்கு இன்னும் பல்லு மொளைக்கலையா?" என்றான் ராய்ஸ்.

கூட வந்திருந்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். எல்டன் காது சிவக்க முதுகைத் திருப்பிக்கொண்டான். குழாயை நிரப்பினான். பிறகு பந்தயத்துக்கு வந்தவன்போல வண்டியிலிருந்து குதித்தான். துப்பாக்கியின் அடிக்கட்டை வண்டியின் இரும்புக் கொக்கியில் மோதியது. குழாய் வெடித்துப் பிளந்தது. அதைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரல் இல்லை. உள்ளங்கை முழுக்க மரச்சிராய்.

சாண்ட்விச் பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு ஆர்டிஸ்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தாள். பாதி வழியில் எல்டன் பேச ஆரம்பித்தான்.

"பொட்டு சரியில்ல. இப்பல்லாம் எவனும் ஒழுங்கா செய்யுறதில்ல."

"என்ன குண்டு போட்ட?"

"தட்டைதான்."

"தட்டை தீர்ந்துபோச்சுன்னு கிறிஸ்மஸ்லேர்ந்து பொலம்பிட்டிருந்தது யாரு?"

அவன் கையில் சுற்றியிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கொஞ்சம் மெதுவா ஓட்டு" என்றான். வலியில்கூட அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. அவள் மெதுவாக்கவில்லை.

பொட்டுக் கதையே ஊர் முழுக்கப் பரவியது. ஆர்டிஸ் மறுத்துப் பேசவில்லை. அந்த ஆளைத் திருத்தும் ஆசை அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

எல்டன் உள்ளே படுத்திருந்த ஒரு மதியம் ராய்ஸ் வந்தான். அவனுக்கு, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரத்தை வெட்டிவைத்துவிட்டு, அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"தெரியும்க்கா. அவன் நிரப்புறப்பவே பாத்தேன். எல்லாம் கூர் குண்டு" என்றான் ராய்ஸ், வாயில் பலகாரத்தோடு.

"பாத்துட்டு சும்மாவா இருந்த?"

"சொன்னா கோடை முழுக்க எனக்கே கிளாஸ் எடுப்பான். வெடிக்கும்னா நெனைச்சேன்? சும்மா தள்ளிப்போய் நின்னுக்கிட்டேன்."

தள்ளிப்போய் நின்றான். அக்கா அந்த வண்டித் தட்டுக்குப் பக்கத்திலேயே சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்டன் முட்டாள். முப்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த முட்டாள்தான், அதற்குமேல் அவனிடம் எதுவும் கிடையாது. தம்பி தெரிந்தே தள்ளி நிற்கிறவன் என்று அவள் நினைத்ததில்லை. பாதி தின்ற பலகாரத்தை அவன் முன்னாலிருந்து எடுத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"என்னக்கா?"

"கிளம்பு, ராய்ஸ்" என்றாள். அவன் முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தான்.