வயலுக்கு மேலே இன்னொரு சுற்று

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பிசான நெல் அறுவடை முடிந்த சமயத்தில் நடந்தது இது. திருநெல்வேலி பேட்டையில் நான் சைலன்சர் பட்டறை வைத்திருக்கிறேன். லாரியோ காரோ பைக்கோ, புகைக்குழாயை வளைத்து, ஒட்டி, சத்தத்தை அடக்கிக் கொடுப்பதுதான் என் தொழில். பாய் கை வைத்தால் வண்டி பூனை மாதிரி போகும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் பட்டறைக்கு ஒருவர் வந்தார். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர். ஊருக்கு வெளியே சொந்தத் தரிசில் ஓடுதளம் போட்டு, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வைத்திருந்தார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"பாய், உள்ள உக்கார முடியல. காது ரெண்டும் அடைச்சிப் போவுது. வேகமும் பத்தல. ஏதாவது செய்ய முடியுமா?" என்றார்.

விமானத்தில் கை வைப்பதென்றால் சும்மாவா! அனுமதி, காகித வேலையெல்லாம் அவர் பாடு என்று விட்டுவிட்டு, உடனே சரி சொல்லிவிட்டேன். பேட்டையில் இருக்கிற டீக்கடைக்கெல்லாம் அன்றைக்கே செய்தி போய்விட்டது. போகாவிட்டால் நான் விட்டிருப்பேனா?

எஞ்சினிலிருந்து வந்த குட்டைக் குழாய், முன்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே சத்தத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, நீளமான எவர்சில்வர் குழாயை வளைத்து, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய், கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன். பழைய சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகடுகள் புகையை மறித்து வேகத்தைக் குறைத்தன. அவற்றையும் கழற்றிப் போட்டேன். உள்ளே தரையிலும் எஞ்சின் பக்கத்துச் சுவரிலும் கனமான மெத்தை ஒட்டினோம்.

எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தோம். வெளியே நின்ற காவல்காரர் காதுகளைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார். "பாத்தியளா அண்ணாச்சி, அவர் கத்துததுகூட நமக்குக் கேக்கல" என்று நான் சிரித்தேன். அவர் என்ன கத்தினார் என்று இறங்கிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அண்ணாச்சி என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். வேகம் கூடியிருந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு போனோம். எனக்கு நெஞ்சு விம்மிப்போனது. ஆற்றங்கரைப் பக்கம் வந்ததும் அவர் கொஞ்சம் தாழ இறக்கினார். அறுத்த வயலில் ஒரு பெரிய வாத்துக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் தலைக்கு மேல் போனதும் அது அப்படியே ஒரு பக்கமாகத் திரண்டு ஓடியது. கொட்டிய எண்ணெய் சரிவில் ஓடுகிற மாதிரி இருந்தது. நான் கைபேசியை எடுத்தேன். வீடியோ எடுப்பதற்குள் வயல் கடந்துபோய்விட்டது.

"அண்ணாச்சி, இன்னொரு சுத்துப் போவமா? வாத்து ஓடுதது பாக்க ஜோரா இருக்கு" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே பெரிய வட்டமாகச் சுற்றித் திருப்பினார். இந்தத் தடவை வீடியோ எடுத்துவிட்டேன்.

இறங்கிய பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். கோடகன் கால்வாய்ப் பக்கம் வந்தபோது, ஒரு பெண் சாலைக்கு நடுவே வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தாள். என் தாடியையும் தொப்பியையும் பார்த்துத்தான் மறித்திருக்கிறாள்.

"பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். பிஸ்மி சொல்லி அறுத்துக் குடுத்துட்டுப் போங்க. செத்துட்டா ஒரு கடையிலயும் வாங்க மாட்டாவ."

எட்டிப் பார்த்தேன். வயலை ஒட்டி சிமெண்டு வாய்க்கால் ஒன்று. அதற்குள் வாத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. அடியில் கிடந்தவை நசுங்கிச் செத்திருந்தன. அவளுடைய புருஷன் உள்ளே இறங்கி, உயிர் இருப்பதைத் தேடித் தேடி மேலே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சில வாத்துகளுக்குக் கால் ஒடிந்திருந்தது, சிலவற்றுக்குக் கழுத்து நிற்கவில்லை. எங்கள் மார்க்கத்தில் உயிர் போவதற்குள் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி முறைப்படி அறுத்தால்தான் அது கறி. செத்துப்போனால் தொட மாட்டோம். பேட்டைக் கறிக்கடைகள் எங்கள் ஆட்களுடையவை என்பதால் அவளுக்கு இந்த அவசரம்.

அவள் கத்தியை நீட்டினாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். புகைக்குழாய்க் கரி என் நகக்கண்ணில் இருந்து போகவில்லை.

வாத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே அவள் பேசினாள். "எப்பவும் போற ஏரோப்பிளேன்தான் பாய். வாத்துவ தலையத் தூக்கிப் பாக்கும், பொறவு மேயும். இன்னைக்கு என்ன எழவோ, தலைக்கு மேல இடி உழுந்த மாரி சத்தம். சிதறி ஓடிட்டுவ. பைய மடக்கி வரப்புக்குக் கொண்டாந்துட்டோம். அப்பம் பாத்து மறுபடியும் வந்தான், பாவி. அந்தத் தடவதான் வாய்க்கால்ல உழுந்துச்சுவ. எல்லாம் முட்ட வைக்கிற வாத்து."

நான் சத்தத்தைக் குறைக்கவே இல்லை. எங்கள் காதில் இருந்ததை எடுத்து, இன்னும் பெரிதாக்கி, இவர்கள் தலையில் கொட்டியிருக்கிறேன். அதோடு நிற்காமல், வேடிக்கை பார்க்க மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன்.

பேசாமல் அறுத்துக் கொடுத்துவிட்டு, புண்ணியவான் என்ற பெயரோடு போயிருக்கலாம். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ள அவள் தன் தலைத்துண்டை நீட்டியபோது என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தக் குழாயைச் செஞ்சது நான்தான்மா. ரெண்டாவது தடவ வரச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

புருஷன் வாய்க்காலுக்குள் நிமிர்ந்து நின்றார். "நீரா சொன்னீரு வே?"

"ஆமா."

"எதுக்குவே?"

வாத்து ஓடுவதைப் பார்க்க என்று எப்படிச் சொல்ல? அந்தப் பெண் என்னையே பார்த்தாள். அப்புறம் அவர் கையில் துடித்துக்கொண்டிருந்த வாத்தை வாங்கி என் முன்னால் நீட்டினாள்.

"அத அப்பொறம் பேசலாம். இதுக்கு மூச்சு இழுக்கு. அறுங்க."

'பாய்' என்று அவள் சொல்லவில்லை. கடைசி வாத்து வரைக்கும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிஸ்மி சொன்னேன். கழுத்துகளைப் பிடித்துப் பிடித்து என் இடதுகை மரத்துப்போனது.

மறுநாள் அண்ணாச்சியும் நானும் போய் நஷ்டத்தைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தடுப்புத் தகடுகளைத் திரும்பப் போட்டு, குழாயை மாற்றினேன். அண்ணாச்சி பறந்து பார்த்தபோது நான் ஏறவில்லை. வயலில் நின்று சத்தத்தைக் கேட்டேன். இப்போது பட்டறைக்கு யார் வந்து உள்ளே சத்தம் வரக்கூடாது என்று கேட்டாலும், வண்டிக்குப் பின்னால் போய் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

முதல் சுற்று தெரியாமல் நடந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. இரண்டாவது சுற்றுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்று எடுத்த வீடியோவை நான் அழிக்கவில்லை. எப்போதாவது தலை கொஞ்சம் கனக்கிற மாதிரி இருந்தால் போட்டுப் பார்ப்பேன். கீழே வாத்துகள் ஓடுகின்றன, பின்னால் இரண்டு பேர் கையை வீசிக்கொண்டு ஓடுகிறார்கள், நான் நினைத்தபடியே விமானத்துக்குள் அவ்வளவு அமைதியாக இருப்பதால் என் சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்கிறது.